நிறம் மாறிய டயல்: பழைய சொகுசுக் கைக்கடிகாரச் சேகரிப்பின் வரலாறு

பழைய கைக்கடிகாரங்களைத் தேடி வாங்கிச் சேர்க்கும் பழக்கத்துக்கு ஏறத்தாழ அரை நூற்றாண்டு வயதுதான் ஆகிறது. அதற்கு முன்பு கடிகாரம் சேர்த்தவர்கள் பைக்கடிகாரங்களையும் மேசைக் கடிகாரங்களையுமே பெரிதும் நாடினார்கள். லண்டனில் கோர்ட்னி இல்பர்ட் திரட்டிய பெருந்தொகுப்பு 1958ல் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்துக்குப் போனது. டேவிட் சாலமன்ஸ் பாரிஸின் பெரும் கடிகாரக் கலைஞர் பிரகேயின் படைப்புகளைத் தேடித் தேடிச் சேர்த்தார். அமெரிக்காவில் கார் அதிபர் ஜேம்ஸ் வார்டு பேக்கார்டும் செல்வந்தர் ஹென்றி கிரேவ்ஸும் ஜெனீவாவின் பட்டேக் பிலிப் நிறுவனத்திடம் மிகச் சிக்கலான பைக்கடிகாரங்களைச் சொல்லிச் செய்வித்தார்கள். மணிக்கட்டில் கட்டும் கடிகாரம் அன்றாடப் பொருளாகவே இருந்தது. கெட்டுப்போனால் பழுது பார்ப்பார்கள், மங்கினால் பாலிஷ் போடுவார்கள், பழசானால் கழித்துவிட்டுப் புதிது வாங்குவார்கள். அப்படிக் கழிக்காமல் விடப்பட்டவற்றைத்தான் இன்றைய ஏலக்கூடங்கள் கோடிக்கணக்கில் விற்கின்றன.

கைக்கடிகாரம் பிறந்தது பெண்களின் நகையாக. நேப்பிள்ஸ் அரசி கரோலின் முரா 1810ல் கேட்டு, 1812ல் பிரகே முடித்துக் கொடுத்ததே மணிக்கட்டுக்கென்று செய்ததாக ஆவணம் உள்ளவற்றில் மிகப் பழையதாகச் சொல்லப்படுகிறது. ஆண்களிடம் அது பரவ முதல் உலகப் போர் தேவைப்பட்டது. பதுங்கு குழியில் குண்டு வீச்சுக்கு நேரம் குறித்துக் காத்திருக்கும் அதிகாரி, கோட்டுப் பையைத் துழாவிக்கொண்டிருக்க முடியாது. போர் முடிந்ததும் கார்ட்டியே, 1917ல் வரைந்து வைத்திருந்த டாங்க் கடிகாரத்தை விற்பனைக்குக் கொண்டுவந்தது. 1926ல் ரோலெக்ஸ், நீரும் தூசியும் புகாத ஆய்ஸ்டர் உறையை வெளியிட்டது. மறு ஆண்டு மெர்சிடிஸ் கிளைட்ஸ் என்ற பெண் ஆங்கிலக் கால்வாயில் நீந்தியபோது அந்தக் கடிகாரம் அவரோடு போனது. அதைச் சொல்லி டெய்லி மெயில் நாளிதழின் முதல் பக்கம் முழுவதும் ரோலெக்ஸ் விளம்பரம் செய்தது. கை அசைவில் தானாகச் சாவி ஏறும் பெர்பெச்சுவல் இயந்திரம் 1931ல் வந்தது.

அதே 1931ல் வந்த ரிவெர்ஸோவுக்கு இந்தியத் தொடர்பு உண்டு. இங்கே போலோ ஆடிய பிரிட்டிஷ் ராணுவ அதிகாரிகளின் கடிகாரக் கண்ணாடிகள் ஆட்டத்தில் உடைந்துகொண்டே இருந்தன. அந்தக் குறை வணிகர் சேசார் த ட்ரேயின் காதுக்குப் போனது. ஜெஜர் லெகூல்த்ர தயாரித்த தீர்வு, உறையையே சட்டத்துக்குள் புரட்டி, டயலை உட்புறமும் உலோக முதுகை வெளிப்புறமும் வைத்துக்கொள்ளும் செவ்வகக் கடிகாரம்.

1941ல் பட்டேக் பிலிப் 1518 என்ற எண்ணுள்ள மாடலைத் தொடராகச் செய்யத் தொடங்கியது. லீப் வருடத்தையும் கணக்கில் கொள்ளும் நிரந்தர நாட்காட்டியும், பந்தய நேரம் அளக்கும் குரோனோகிராஃபும் ஒரே கைக்கடிகாரத்தில் சேர்ந்து, தொடர் தயாரிப்பாக வந்தது அதுவே முதல் முறை. மொத்தம் 281தான் செய்யப்பட்டன. போருக்குப் பிந்தைய 20 ஆண்டுகள் உழைப்புக் கடிகாரங்களின் காலம். முக்குளிப்போருக்கு ரோலெக்ஸ் சப்மரீனர், பான் ஆம் விமானிகளுக்கு இரண்டு நாட்டு நேரம் காட்டும் ஜிஎம்டி-மாஸ்டர், கார்ப் பந்தயக்காரர்களுக்கு 1957ல் ஒமேகா ஸ்பீட்மாஸ்டர், 1963ல் ரோலெக்ஸ் டேடோனா என்று வரிசையாக வந்தன. சம்பளக்காரர்கள் வாங்கக்கூடிய கருவிகள் அவை. கடலிலும் காக்பிட்டிலும் அடிபட்டன. சர்வீஸுக்குப் போகும்போதெல்லாம் முள்ளும் டயலும் மாற்றப்பட்டன. பிற்காலத்து அரிதுக்கான காரணம் இந்தச் சாதாரண உழைப்பில்தான் இருக்கிறது: லட்சக்கணக்கில் செய்தவற்றிலும் பிறந்த நிலையில் தப்பிப் பிழைத்தவை மிகச் சில.

1969 டிசம்பர் 25 அன்று டோக்கியோவில் செய்கோ, அஸ்ட்ரான் என்ற முதல் குவார்ட்ஸ் கைக்கடிகாரத்தை 4,50,000 யென் விலையில் விற்பனைக்கு வைத்தது. அன்றைய ஜப்பானில் ஒரு சிறிய கார் வாங்கும் தொகை அது. அந்த விலை சில ஆண்டுகளிலேயே சரிந்தது. மின்கலமும் படிகமும் சேர்ந்து, சிறந்த சுவிஸ் இயந்திரத்தைவிடத் துல்லியமாகவும் அதன் விலையில் சிறு பங்குக்கும் நேரம் காட்டின. 1970ல் சுமார் 90,000 பேருக்கு வேலை தந்த சுவிஸ் கடிகாரத் தொழிலில் 1980களின் நடுவில் எஞ்சியவர்கள் 30,000 சொச்சம் பேர். நூற்றுக்கணக்கான நிறுவனங்கள் மூடின. லேத்துகளும் அச்சுகளும் பழைய இரும்பு விலைக்குப் போயின.

ல லோக்ல் நகரின் ஜெனித் நிறுவனத்தை அப்போது வைத்திருந்தது அமெரிக்காவின் ஜெனித் ரேடியோ. 1975ல் அது இயந்திரக் கடிகாரத் தயாரிப்பை நிறுத்தி, கருவிகளை விற்றுவிட உத்தரவிட்டது. அங்கே பணிபுரிந்த ஷார்ல் வெர்மோ, எல் ப்ரிமேரோ குரோனோகிராஃப் இயந்திரத்துக்கான அச்சுகளையும் வெட்டுக் கருவிகளையும் வரைபடங்களையும் பெயர் எழுதி, வரிசைப்படுத்தி, பழைய கட்டடத்தின் மேல்மாட அறையில் ஒளித்துச் சுவர் எழுப்பிவிட்டார். 1980களில் அந்த இயந்திரத்துக்கு மறுபடி தேவை வந்தபோது தயாரிப்பை மீண்டும் தொடங்க முடிந்தது அவரால்தான். சுவிஸ் கடிகாரத் தொழிலின் வரலாற்றில் எந்த வடிவமைப்பாளருக்கும் குறையாத மதிப்பு இந்தத் தொழிலாளிக்கு உரியது.

நேரம் பார்க்க இயந்திரக் கடிகாரம் தேவைப்படாமல் போனதும் அதைக் கைவேலையாகப் பார்க்கும் கண் பிறந்தது. அந்தக் கண் முதலில் இத்தாலியில் திறந்தது. 1972ல் இத்தாலிய வணிகர் ஜோர்ஜோ கோர்வோ, ஜெஜர் லெகூல்த்ர தொழிற்சாலையில் பயனற்றுக் கிடந்த 200 ரிவெர்ஸோ உறைகளைக் கண்டு மொத்தமாக வாங்கினார். இயந்திரம் பொருத்தி இத்தாலியில் விற்றபோது அவை சில வாரங்களில் தீர்ந்தன. நிறுவனம் கைவிட்டிருந்த மாடல் அதனால் மறுபடி தயாரிப்புக்கு வந்தது. மிலானிலும் ரோமிலும் இருந்த வியாபாரிகள், சுவிஸ் கடைகளின் இழுப்பறைகளில் விற்காமல் கிடந்த பட்டேக் குரோனோகிராஃபுகளையும் டேடோனாக்களையும் அள்ளிக்கொண்டு வந்தார்கள். மாடல் எண், தயாரித்த ஆண்டு, டயல் வகை என்று பிரித்துப் பட்டியல் போட்டதும் பெரும்பாலும் அவர்களே. குயிதோ மொந்தானி வெளியிட்ட ரோலெக்ஸ் நூல்கள் அந்தப் பட்டியல்களுக்கு அச்சு வடிவம் தந்தன.

மிலானில் பிறந்த ஒஸ்வால்டோ பத்ரிட்ஸி, கேப்ரியல் டோர்ட்டெல்லாவுடன் சேர்ந்து 1974ல் ஜெனீவாவில் கடிகாரங்களுக்கென்றே ஓர் ஏல நிறுவனம் தொடங்கினார். அதுதான் பிறகு ஆன்டிகோரம் என்று பெயர் பெற்றது. அதுவரை ஏலப் பட்டியல்களில் கைக்கடிகாரம் நகைகளின் கடைசிப் பக்கத்தில் ஓர் ஓரமாக வரும். பத்ரிட்ஸி ஒவ்வொரு கடிகாரத்துக்கும் பெரிய வண்ணப் படம், இயந்திர எண், உறை எண், தயாரிப்பு வரலாறு, நிலை பற்றிய மதிப்பீடு என்று எழுதினார். ஏல விவரணை ஆராய்ச்சிக் குறிப்பாக மாறியது. 1989 ஏப்ரலில் பட்டேக் பிலிப்பின் 150வது ஆண்டையொட்டி ஒரே நிறுவனத்தின் கடிகாரங்களை மட்டும் வைத்து அவர் ஜெனீவாவில் நடத்திய ஏலம், இந்தத் துறையின் ஆண்டுக் கணக்கை முன், பின் என்று பிரிக்கிறது. 33 சிக்கலான செயல்பாடுகள் கொண்ட காலிபர் 89 என்ற பைக்கடிகாரமும் அன்று ஏலம் போனது. அதன்பின் தயாரிப்பாளர்களும் பழைய படைப்புகளை ஏலத்தில் திரும்ப வாங்கத் தொடங்கினார்கள். 2001ல் ஜெனீவாவில் திறந்த பட்டேக் பிலிப் அருங்காட்சியகம் அப்படிச் சேர்ந்தவற்றால் நிறைந்தது.

சேகரிப்பாளர் ஒரு பழைய கடிகாரத்தைக் கையில் வாங்கியதும் முதலில் பார்ப்பது டயல். மதிப்பின் பெரும்பகுதி அந்த மெல்லிய தகட்டில் இருக்கிறது. 1962 முதல் 1989 வரை வந்த 5513 என்ற சப்மரீனரை எடுத்துக்கொண்டால், 1960களின் நடுப்பகுதி வரை அதன் டயல் கண்ணாடி போல மினுங்கும் கறுப்பு, எழுத்துகள் பொன்னிறம். 1966, 1967 வாக்கில் மினுக்கம் போய் மங்கலான கறுப்பும் வெள்ளை எழுத்தும் வந்தன. உறை எண் 1964 என்று சொல்லி, டயல் மங்கல் கறுப்பாக இருந்தால், அந்த டயல் பிறகு மாற்றப்பட்டது என்று கண் பார்த்ததும் தெரிந்துவிடும்.

அடுத்தது இருளில் ஒளிரும் பூச்சு. தொடக்கத்தில் ரேடியம் பயன்பட்டது. அதன் அரை ஆயுள் சுமார் 1,600 ஆண்டுகள். கதிர்வீச்சு இன்னும் பெரிதாகக் குறையாமல் இருந்தாலும் அது மோதி மோதி ஒளிரும் வேதிப்பொருள் எப்போதோ எரிந்து தீர்ந்திருக்கும். 1960களின் தொடக்கத்தில் அதன் இடத்துக்கு டிரிட்டியம் வந்தது. அரை ஆயுள் சுமார் 12 ஆண்டுகள்தான் என்பதால் அதன் ஒளி ஒரு தலைமுறைக்குள் அணைந்துவிடும். வெள்ளையாகப் பூசியது பால்மஞ்சளாகி, தேன் நிறமாகி, சிலவற்றில் பழுப்பாகவும் ஆகும். டிரிட்டியம் பூசியதைக் குறிக்க டயலின் அடிவிளிம்பில் சுவிஸ் என்ற சொல்லின் இரு புறமும் 'டி' எழுத்து அச்சிடப்பட்டது. 1990களின் இறுதியில் கதிர்வீச்சே இல்லாத ஜப்பானியக் கண்டுபிடிப்பான லூமினோவா வந்ததும் அந்த எழுத்து மறைந்தது. ஆகவே 1965ஆம் ஆண்டுக் கடிகாரத்தை விளக்கில் காட்டி எடுத்து இருட்டில் பிடிக்கும்போது அது பச்சையாக நெடுநேரம் ஒளிர்ந்தால், யாரோ அண்மையில் புதிதாகப் பூசியிருக்கிறார்கள் என்று பொருள். முள்ளில் உள்ள பூச்சும் டயலில் உள்ள பூச்சும் ஒரே நிறத்தில் முதிர்ந்திருக்கின்றனவா என்றும் லென்ஸ் வைத்துப் பார்ப்பார்கள். நிறம் பிசகினால் ஒன்று மாற்றப்பட்டிருக்கலாம் என்ற ஐயம் எழும்.

சில கறுப்பு டயல்கள் வெயிலிலும் ஈரத்திலும் இருந்து காபிப் பழுப்பாக மாறியிருக்கும். வண்ணக் கலவையில் நேர்ந்த குறையால் வந்த மாற்றம் அது. 1970களில் சர்வீஸ் மையங்கள் அதைக் கெட்டுப்போன டயலாகக் கருதிக் கழற்றி எறிந்தன. இன்று சேகரிப்பாளர்கள் அதை 'டிராப்பிக்கல்' என்று அழைத்து, கறுப்பு மாறாததைவிடப் பல மடங்கு விலை தருகிறார்கள். முதல் ஜிஎம்டி-மாஸ்டரின் பேக்லைட் வளையமும் இதே வகை. எளிதில் விரிசல் விடும், அதன் எண்களில் கதிரியக்கப் பொருளும் இருந்தது; அதனால் 1950களின் இறுதியில் அதற்குப் பதில் உலோக வளையம் பொருத்தப்பட்டது. உடையாமல் தப்பிய பேக்லைட் வளையம் இப்போது மிக அரிது.

டயலுக்கு அடுத்து உறை. ஆலையிலிருந்து வரும்போது ஸ்ட்ராப் மாட்டும் உறைக் கால்களில் கூர்மையான சரிவு விளிம்புகள் இருக்கும். ஒவ்வொரு பாலிஷும் அவற்றிலிருந்து ஒரு மயிரிழை உலோகத்தைத் தின்றுவிடும். நாலைந்து முறை பாலிஷ் பட்டது சோப்புக் கட்டி போல வழவழத்துப் போகும். கீறல்கள் நிறைந்தும் விளிம்பு கூராகவும் உள்ள உறையைச் சேகரிப்பாளர் விரும்புவது அதனால்தான். கீறல் அதன் வாழ்க்கை, கூர்மை அதன் பிறப்பு. கடைசியாகக் காகிதங்கள்: விற்பனைச் சீட்டு, உத்தரவாத அட்டை, பெட்டி. பட்டேக் பிலிப்பும் லாஞ்சினும் பழைய பதிவேடுகளிலிருந்து தயாரிப்பு விவரத்தைச் சான்றாகத் தருவதுண்டு. ரோலெக்ஸ் அந்த வழக்கத்தை வைத்துக்கொள்ளவில்லை. ரோலெக்ஸ் பற்றிய அறிவு ஆலைக்கு வெளியே, சேகரிப்பாளர்களின் ஒப்பீட்டால் வளர்ந்ததற்கு அதுவும் ஒரு காரணம்.

டயலில் தயாரிப்பாளர் பெயரோடு விற்ற கடையின் பெயரும் அச்சிடப்பட்டிருந்தால் விலை இன்னும் ஏறும். நியூயார்க்கின் டிஃபனி, மிலானின் கோபி, கராகஸின் செர்பிகோ இ லாய்னோ ஆகியவை புகழ்பெற்ற பெயர்கள். கல்கத்தாவின் குக் அண்டு கெல்வி, சென்னை மவுண்ட் ரோட்டின் பி. ஆர் அண்டு சன்ஸ் போன்ற கடைகளும் தங்கள் பெயரை டயலில் பொறித்து விற்ற மரபைச் சேர்ந்தவை. இந்தியச் சந்தைக்கு வேறொரு பழக்கமும் உண்டு. டயல் மங்கினால் கடைவீதியில் கொடுத்துப் புதிதாகப் பெயின்ட் அடித்து வாங்குவது இங்கே நெடுநாள் வழக்கம். நிறுவனம் ஒருபோதும் செய்யாத நிறங்களில் இப்படி வண்ணமேறிய எச்எம்டி, செய்கோ, வெஸ்ட் எண்ட் கடிகாரங்கள் வெளிநாட்டு வாங்குபவர்களிடம் 'மும்பை ஸ்பெஷல்' என்ற பெயரோடு உலவுகின்றன. பெயின்ட் அடிப்பவர் பிழைப்புக்காக நேர்மையாகச் செய்த வேலைதான். ஆனால் சேகரிப்பாளரின் பார்வையில் அசல் டயலின் மேல் பெயின்ட் ஏற்றுவது ஏட்டுச் சுவடியைச் சுரண்டிவிட்டு அதே பாட்டைப் புதிதாக எழுதி வைப்பது போன்றது. படிக்கலாம்; ஆவணமாக அது முடிந்துபோய்விட்டது.

விரும்பப்படாமல் கிடந்தது விலைமதிப்பற்றதாக மாறியதற்கு டேடோனாவைவிடத் தெளிவான சான்று இல்லை. 1960களில் ரோலெக்ஸ் அதைச் சாதாரண டயலிலும், சிங்கர் நிறுவனம் செய்த அலங்கார டயலிலும் விற்றது. அலங்கார டயலின் உள்வட்டங்களில் கட்டம் கட்டமான எண்களும் சிறு சதுர முனைகளும் இருந்தன. சாவி கொடுத்து ஓட வேண்டிய கடிகாரம், கூச்சலான டயல். கடைகளில் அது தேங்கியது. நடிகரும் கார்ப் பந்தய வீரருமான பால் நியூமேன் அதை அணிந்த படங்கள் பரவியதும், இத்தாலிய வியாபாரிகள் அந்த டயலுக்கு அவர் பெயரையே வைத்துவிட்டார்கள். 2013 நவம்பரில் கிறிஸ்டீஸ் ஏல நிறுவனம் ஜெனீவாவில் 50 டேடோனாக்களை மட்டும் ஏலம் விட்டது. நியூமேனின் சொந்தக் கடிகாரமோ அப்போதும் எங்கே என்றே பொதுவில் தெரியாமல் இருந்தது. மனைவி ஜோன் வுட்வர்ட் பரிசளித்த 6239 மாடல் அது. பின்புறம் கவனமாக ஓட்டும்படி அவர் பொறிக்கச் செய்த வாசகம். 1984ல் மகளின் நண்பர் ஒருவருக்கு நியூமேன் அதைத் தூக்கிக் கொடுத்திருந்தார். 2017 அக்டோபர் 26 அன்று நியூயார்க்கில் பிலிப்ஸ் ஏலக்கூடத்தில் அது 1,77,52,500 டாலருக்குப் போனது. கடையில் அதன் விலை சில நூறு டாலர்.

உலோகத்தின் மதிப்பும் இதே வழியில் தலைகீழானது. 1518 மாடலைப் பெரும்பாலும் மஞ்சள் தங்கத்திலும் சிலவற்றை ரோஜாத் தங்கத்திலும் பட்டேக் செய்தது. ஸ்டெயின்லெஸ் ஸ்டீலில் செய்யப்பட்டவையாகத் தெரிந்திருப்பவை நான்கே. அத்தனை விலையுள்ள இயந்திரத்தை ஸ்டீல் உறையில் யாரும் கேட்கவில்லை. 2016 நவம்பரில் ஜெனீவாவில் அந்த நான்கில் ஒன்று 1,10,02,000 பிராங்குக்கு விற்றது. அன்றுவரை விற்ற அதே மாடலின் தங்கக் கடிகாரங்கள் அந்தத் தொகைக்கு அருகில்கூட வரவில்லை.

யார் அணிந்தார் என்பதற்கு உள்ள விலையைக் காட்ட வியட்நாமின் கடைசிப் பேரரசர் பாவோ தாய் வைத்திருந்த ரோலெக்ஸ் போதும். 1954ல், இந்தோசீனப் போரை முடிக்க ஜெனீவாவில் மாநாடு நடந்த வேளையில் அவர் அங்கே வாங்கிய 6062 மாடல் அது. தங்க உறை, கறுப்பு டயல், வைர மணிக்குறிகள், நாட்காட்டி, பிறைநிலை. குடும்பத்தார் 2002ல் ஏலத்துக்குக் கொடுத்தபோது ஏறத்தாழ 2,35,000 டாலர் கிடைத்தது. 2017ல் அதே கடிகாரம் 50 லட்சம் டாலரைத் தாண்டியது.

இத்தனை பணம் புரளும் இடத்தில் மோசடி வராமல் இராது. முழுப் போலி எளிதில் பிடிபடும். அசல் உதிரிகளைப் பல கடிகாரங்களிலிருந்து பொறுக்கி ஒன்றாகக் கோத்து, அப்படியே பிறந்ததாக விற்பதுதான் கடினமான மோசடி. 2021 நவம்பரில் முதல் தலைமுறை ஸ்பீட்மாஸ்டர் ஒன்று, காபிப் பழுப்பு டயலோடு, 31 லட்சம் பிராங்குக்கு மேல் விற்று ஒமேகாவுக்கே சாதனை விலையானது. வாங்கியது ஒமேகாவின் அருங்காட்சியகம். 2023ல் ஒமேகாவே அந்தக் கடிகாரம் பெரும்பாலும் வெவ்வேறு உதிரிகளால் கோக்கப்பட்டது என்றும், தன் முன்னாள் ஊழியர்கள் சிலருக்கு அதில் பங்கு உண்டு என்றும் அறிவித்தது. தன் தயாரிப்பைத் தானே அடையாளம் காண முடியாத அளவுக்கு வேலை நுட்பமாக இருந்தது. அசல் என்பதற்கு ஆலையின் சொல்லே போதும் என்ற நம்பிக்கை அதோடு தளர்ந்தது.

வின்டேஜ் என்ற வரையறை சேகரிப்பாளர்களிடையே 1980களின் நடுப்பகுதியோடு நின்றுவிடுகிறது. அதிலிருந்து 2000களின் தொடக்கம் வரை வந்தவற்றை நியோ-வின்டேஜ் என்று தனியே பிரிக்கிறார்கள். இந்தக் கோடு யாரும் சட்டமாக வகுத்ததில்லை. தொழில்நுட்பம் மாறிய இடங்களில் அது தானாக விழுந்தது. ரோலெக்ஸில் பிளாஸ்டிக் கண்ணாடி போய்ச் சஃபயர் படிகம் வந்தது ஒரு மாற்றம். டிரிட்டியம் போய் லூமினோவா வந்தது மற்றொன்று. உறையின் கால்களில் ஸ்ட்ராப் கழற்ற வசதியாக இருந்த துளைகள் 2000ஐ ஒட்டி மறைந்தன. அலுமினிய வளையத்தின் இடத்தில் செராமிக் வந்தது, ஸ்டீல் சப்மரீனரில் 2010ல். இவற்றுக்கு இடைப்பட்டவை 36 முதல் 40 மில்லிமீட்டருக்குள் அடங்கும் அளவும் பழைய முகமும் கொண்டவை. அதே சமயம் மழையில் நனைந்தால் கவலைப்படாமல் அணியக்கூடியவை.

அந்தக் காலத்துக்கு இன்னொரு பெருமை உண்டு; சுவிஸ் இயந்திரக் கடிகாரம் செத்துப் பிழைத்த காலம் அது. நெருக்கடி உச்சத்தில் இருந்த 1978ல் ஓடமார் பிகே, 3.95 மில்லிமீட்டரே தடிமன் உள்ள தானியங்கி இயந்திரத்தோடு நிரந்தர நாட்காட்டிக் கடிகாரத்தை வெளியிட்டது. விற்குமா என்று தெரியாமலே எடுத்த துணிவு. 1982ல் ஷான் குளோத் பிவேரும் ஷாக் பிகேயும் பிளாங்பெய்ன் என்ற உறங்கிப்போன பெயரை 22,000 பிராங்குக்கு வாங்கி, குவார்ட்ஸ் கடிகாரம் ஒருபோதும் செய்வதில்லை என்று சொல்லியே விற்றார்கள். 1985ல் ஐடபிள்யூசியின் கர்ட் கிளவுஸ், ஆண்டை நான்கு இலக்கத்தில் காட்டி, எல்லாவற்றையும் சாவி ஒன்றாலேயே திருத்திக்கொள்ளும் டா வின்சி நாட்காட்டிக் கடிகாரத்தை உருவாக்கினார். அதே ஆண்டு பட்டேக்கின் மெலிந்த 3940 வந்தது. தனிக் கைவினைஞர்களின் சங்கமான ஏஎச்சிஐயை ஸ்வெண்ட் ஆண்டர்சனும் வின்சென்சோ கலாப்ரேசேயும் தொடங்கியதும் 1985தான்.

1988ல் ரோலெக்ஸ் டேடோனாவுக்குத் தானியங்கி இயந்திரம் தந்தபோது எடுத்துக்கொண்டது, வெர்மோ காப்பாற்றிய எல் ப்ரிமேரோவை. மணிக்கு 36,000 துடிப்பிலிருந்து 28,800க்குக் குறைத்து, பல பாகங்களை மாற்றித் தனதாக்கிக்கொண்டது. 2000 வரை வந்த இந்த 16520 மாடல் நியோ-வின்டேஜ் சேகரிப்பின் நடுநாயகம். 1990களின் நடுவில் வந்த சில கறுப்பு டயல்களில் சிறு வட்டங்களின் வெள்ளி விளிம்பு, மேல்பூச்சுக் குறையால் பழுப்பாக மாறிவிட்டது. அதை முதலில் கவனித்துச் சொன்னவர் பத்ரிட்ஸி என்பதால் அவர் பெயராலேயே அது விற்கப்படுகிறது. குறை நிறையான பழைய கதை, 30 ஆண்டுக்குள் மறுபடி நடந்தது.

ஜெர்மனி ஒன்றானபின் வால்டர் லாங்கேயும் குன்டர் புளூம்லைனும் சாக்சனியின் கிளாஸ்ஹியூட்டே ஊரில் லாங்கே நிறுவனத்தை மீட்டு, 1994 அக்டோபரில் முதல் கடிகாரங்களைக் காட்டினார்கள். பெரிய தேதிச் சாளரமும் மையம் விலகிய டயலும் கொண்ட லாங்கே 1 அவற்றில் ஒன்று. ஷூ பள்ளத்தாக்கில் பிலிப் டூஃபூர் தனியாளாக உட்கார்ந்து, ஒவ்வொரு விளிம்பையும் மரக்குச்சியால் தேய்த்து மெருகேற்றி, 2000ல் சிம்ப்ளிசிட்டியை வெளியிட்டார். மணியும் நிமிடமும் நொடியும் மட்டும் காட்டும் எளிய கடிகாரம். அதை முதலில் பெரிதும் வாங்கியவர்கள் ஜப்பானியர்கள். எஃப்.பி. ஜூர்ன் 1999ல் தன் முதல் 20 டூர்பியான் கடிகாரங்களுக்கு முன்பணம் வாங்கி, அந்தப் பணத்தில் செய்து கொடுத்தார். 2004க்குப் பிறகு அவருடைய இயந்திரங்கள் தங்கத்தில் வருகின்றன. அதற்கு முந்தைய பித்தளை இயந்திரங்களுக்கே சேகரிப்பாளர்களிடம் மதிப்பு அதிகம்: பணம் இல்லாத காலத்து உழைப்பு அவற்றில் நேராகத் தெரிகிறது.

இந்தக் காலத்துக் கடிகாரங்களை வாங்குவோருக்குச் சில நடைமுறைச் சங்கடங்கள் உண்டு. லெமானியா, ஃப்ரெடரிக் பிகே போன்ற ஆலைகளிடம் வாங்கிய இயந்திரங்களை வைத்துப் பல நிறுவனங்கள் கடிகாரம் செய்தன. அந்த ஆலைகள் பெருநிறுவனங்களில் கரைந்துவிட்டன, உதிரிகள் கிடைப்பது குறைந்துவிட்டது. பெரிய நிறுவனங்கள் வெளியாருக்கு உதிரி தருவதைக் கட்டுப்படுத்துவதால், நிரந்தர நாட்காட்டி ஒன்றைத் தவறான நேரத்தில் திருத்தி ஒரு பல் உடைந்தால்கூட, அதைச் சுவிட்சர்லாந்துக்கு அனுப்பி மாதக்கணக்கில் காத்திருக்க வேண்டியிருக்கும்.

பெருந்தொற்றுக் காலத்தில் பழைய கடிகார விலைகள் தாறுமாறாக ஏறி, 2022 வசந்தத்துக்குப் பின் இறங்கின. லாபத்துக்காக மட்டும் வந்தவர்கள் அதில் அடிபட்டார்கள். நவீன ஸ்டீல் கடிகாரங்களை எட்ட முடியாத பலர் நியோ-வின்டேஜ் பக்கம் திரும்பியதும் அந்த ஆண்டுகளில்தான். நிறுவனங்களும் பழைய சந்தைக்குள் நேரடியாக இறங்கிவிட்டன. வஷரோன் கான்ஸ்டன்டின் தன் பழைய படைப்புகளை வாங்கிச் சீராக்கி விற்கிறது. ரோலெக்ஸ் 2022 டிசம்பரில், குறைந்தது 3 ஆண்டு பழைய கடிகாரங்களுக்குத் தானே சான்றளித்து, 2 ஆண்டு உத்தரவாதத்தோடு கடைகள் வழியே விற்கும் திட்டத்தைத் தொடங்கியது. மறு ஆண்டு உலகின் பெரிய கடிகார விற்பனையாளர்களில் ஒருவரான புக்கரரையும் வாங்கியது. இதனால் ஒரே மாடல் இரு வழிகளில் விற்கப்படுகிறது. ஆலைச் சான்றோடு கடைக்கு வருவது சர்வீஸ் முடித்து, வேலை செய்யும் நிலை உறுதி செய்யப்பட்டது. ஏலக்கூடத்துக்கு வருவதன் விவரணையில் மெருகு படாத உறை, மாற்றப்படாத முள், மஞ்சளேறிய பூச்சு என்ற சொற்களே முதலில் இடம்பெறுகின்றன.